சிலையில் இல்லாத குதிரை

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் தையல் கூடங்களுக்குக் குறைவில்லை. காலருக்கு ஒருவர், கைக்கு ஒருவர், காஜாவுக்கு ஒருவர் என்று ஒரே சட்டை பல கைகள் மாறி முடிகிறது. உடுத்தப்போகிறவர் யாரென்று தைப்பவருக்குத் தெரியாது.

உடுத்துகிறவரே தன் உடுப்பைக் கொண்டுவந்த காலமும் உண்டு. பழைய மைசூர் ராஜ்யத்தில் சில்லேதார் குதிரைப்படை என்று ஒன்று இருந்தது. சில்லேதார் முறையில் படையில் சேர்பவரே குதிரையோடும் உடுப்போடும் வர வேண்டும். தீனிச் செலவும் அவருடையது. குதிரை செத்தால் வீட்டுக்கே நஷ்டம்.

பின்னர் அந்த ராஜ்யத்தின் குதிரை வீரர்கள் மைசூர் லான்சர்ஸ் என்று பெயர் பெற்றார்கள். முதல் உலகப் போரில் எகிப்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் போனார்கள். 1918 செப்டம்பர் 23 அன்று ஹைஃபா நகரைப் பிடித்த போரில், கார்மேல் மலைச் சரிவில் ஏறிப் பீரங்கிகளை அடக்கும் வேலை அவர்களிடம் வந்தது. ஜோத்பூர் லான்சர்ஸ் ஊருக்குள் பாய்ந்தார்கள். எதிரே இயந்திரத் துப்பாக்கிகள். இவர்கள் கையில் ஈட்டி. அன்று மாலைக்குள் எதிரிகள் 1,350 பேர் கைதானார்கள், 17 பீரங்கிகள் பிடிபட்டன. இவர்களுடைய படைப்பிரிவில் 8 பேர் மாண்டார்கள், 34 பேர் காயமுற்றார்கள்.

செத்த குதிரைகள் 60. காயம்பட்டவை 83.

ஆளைவிடக் குதிரைக்கு ஏழு மடங்குக்கும் மேல் சாவு. சுடுகிறவன் கண்ணுக்கு முதலில் தெரிவது அகன்ற மார்புள்ள மிருகம்தான். அது விழுந்த இடத்தில் சவாரிக்காரர் பிழைத்துக்கொண்டார். அந்த வெற்றியில் பெரும் பங்கு குதிரைகளுடையது. ஆனால் டில்லி தீன்மூர்த்தி சந்திப்பின் நினைவுச்சின்னத்தில், 1922இல் சிற்பி லியோனார்ட் ஜென்னிங்ஸ் வார்த்த ஹைதராபாத், ஜோத்பூர், மைசூர் வீரர் மூவரும் தரையில் நிற்கிறார்கள். தலைப்பாகையும் உடுப்பும் வெண்கலத்தில் அச்சாக இருக்கின்றன. குதிரை மட்டும் இல்லை. 2018இல் அந்தச் சந்திப்பின் பெயரோடு ஹைஃபா சேர்ந்தது. அப்போதும் குதிரைக்கு இடம் கிடைக்கவில்லை.

உடுப்புக்கு ஆயுள் கெட்டி. வாள்வெட்டு தோளில் இறங்காமல் தடுக்கக் குதிரைப்படையினர் இரும்பு வளையச் சங்கிலி அணிந்தார்கள். இன்றும் இந்திய டாங்கிப் படை அதிகாரிகள் விழா உடுப்பில் தோளில் அதைத்தான் மாட்டுகிறார்கள். டாங்கிக்குள் வாளோடு வருபவர் யாருமில்லை. ஆனாலும் சங்கிலியைக் கழற்ற ஒருவருக்கும் மனம் வரவில்லை. அந்தப் பிடிவாதம் போற்றத்தக்கது. வெட்டு வாங்கிய தோள்களின் நினைவு அந்த வளையங்களில்தான் இருக்கிறது.

பீன்யாவிலிருந்து யஷ்வந்த்பூர் வழியாக மேக்ரி சர்க்கிளைத் தாண்டினால் ஜே.சி. நகரில் மைசூர் லான்சர்ஸின் நினைவுத்தூண் இருக்கிறது. ஆண்டுதோறும் செப்டம்பர் 23 ஹைஃபா தினம்.

குதிரையோடு சேர்த்தே பார்க்க விரும்புகிறவர்கள் தசராவுக்கு மைசூர் போக வேண்டும். சமஸ்தானப் படைகளை இணைத்து 1953இல் அமைந்த 61ஆம் குதிரைப்படை ஜெய்ப்பூரில் இருந்தாலும், மைசூருக்கென்று குதிரைப் போலீஸ் உண்டு. விஜயதசமி இரவு பன்னிமண்டபத் தீப்பந்த அணிவகுப்பில், முழு உடுப்பில், நாலுகால் பாய்ச்சலில் வந்து தரையில் அடித்த முளையை அவர்கள் ஈட்டி முனையால் கொத்தித் தூக்குவார்கள். அங்கே கைதட்டலில் பாதி குதிரைக்கு.