கூடையின் நிறை

கண்டியைச் சுற்றியிருக்கிற தோட்டங்களிலிருந்து எழுத வந்த எங்களுக்குச் சிறுகதை வாத்தியார்கள் இரண்டு பேர்: என்.எஸ்.எம். ராமையாவும் தெளிவத்தை ஜோசப்பும். 1979இல் வந்த ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே', 1980இல் வந்த ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்று தேடித்தேடி, கதை கதையாகப் பிரித்துப் படிக்கிறோம்.

ஒவ்வொரு கதையிலும் நாங்க கேட்பது ஒரே கேள்விதான்: கதையோட பாரம் எதன்மேல் இருக்கு? ராமையாவின் தலைப்புக் கதையில் அது கொழுந்தின் நிறை. கூடையோடு சேர்த்து ஒரு பெண்ணின் மானமும் தராசில் ஏறுகிறது. ஜோசப்பின் 'மீன்கள்' கதையில் அது லயத்துக் காம்பிரா. குடும்பம் முழுக்க அதற்குள்ளேதான் படுக்கணும். அந்த நெருக்கடியே கதையாகிவிடுகிறது. 'ஐயோ பாவம்' என்று நம்மகிட்ட கேட்டு வாங்குகிற வேலையே அங்கே இல்லை.

அதனால எங்களுக்கு ஒரு பயிற்சி உண்டு. ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். அம்மா இடுப்பில் கட்டுகிற படங்காக இருக்கலாம், கொழும்புக் கடையில் நிற்கிற அண்ணன் அனுப்பின போனாக இருக்கலாம். 'கஷ்டம்', 'கண்ணீர்' என்ற சொற்கள் இல்லாமல் அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதணும். செஞ்சு பாருங்க, கை தானாகவே அந்தச் சொற்களைத் தேடும்.

தோட்டத்துச் செக்ரோலில் எங்க பாட்டிமாருக்கு இருந்தது பேரும் வேலைநாளும்தான். மிச்சத்தை இந்த இரண்டு பேரும் எழுதினாங்க. கடைக்கும் கார்மெண்ட்சுக்கும் போன எங்க தலைமுறையோட மிச்சத்தை நாங்கதான் எழுதணும்.