நரி வேட்டையும் முள்ளம்பன்றிக் கறியும்

2004ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து இரவொன்று. வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தை மூடும் நேரம். நாய்களை ஏவி நரி வேட்டையாடுவதைத் தடைசெய்யும் சட்டம் பிரித்தானியாவில் நிறைவேறிவிட்டதாகச் செய்தி வந்தது. தமிழாக்கி ஆறு வரியில் கொடுத்தேன். செய்தி ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஈராக்கில சனம் சாகுது. இவங்கள் நரிக்காக அடிபடுறாங்களா?" என்று சிரித்தார். மறுநாள் பத்திரிகையில் அந்த ஆறு வரியும் இல்லை.

அவரைக் குறைகூற மாட்டேன். ஆனால் அந்தச் சண்டை நரிக்காக மட்டும் நடந்ததல்ல. அதற்கு இரண்டு மாதம் முன்னர் வேட்டை ஆதரவாளர் ஐவர் பாராளுமன்றச் சபைக்குள்ளேயே புகுந்திருந்தனர். பிரபுக்கள் சபை இறுதிவரை இணங்கவில்லை. அச்சபையை மீறுவதற்கென்றே இருக்கும் பாராளுமன்றச் சட்டத்தைப் பயன்படுத்தித்தான் தடையை நிறைவேற்ற முடிந்தது. குதிரை, சிவப்புக் கோட்டு, பிறர் வயலுக்குள் கேளாமல் பாய்ந்து போகும் பழக்கம் ஆகியவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தமது உரிமையென எண்ணியிருந்தவர்களுக்கு, அதை விடச்சொல்லிக் கேட்டதே அவமானமாகப் பட்டது.

இந்தச் சிவப்புக் கோட்டு நம் பக்கமும் வந்து போனதுதான். நீலகிரியில் ஆங்கிலேய நரி கிடையாது. ஆகவே ஊட்டியின் வென்லொக் புல்வெளிகளில் குள்ளநரியைத் துரத்தினார்கள். இலங்கை மலைநாட்டில் அகப்பட்டது மரை. தமிழகத்தார் கடமான், மிளா என்பது அதைத்தான். துரைமார் அதற்கு வேறொரு விலங்கின் பெயரைச் சூட்டி 'எல்க்' என்றனர்.

சாமுவேல் பேக்கர் 1848இல் நுவரெலியாவில் குடியேறினார். அவருடைய பண்ணைக்கென ஆட்களும் கலப்பைகளும் நல்லினக் கால்நடைகளும் கப்பலில் வந்தபோது வேட்டை நாய்களும் கூடவே வந்தன. மரை வேட்டையைப் பற்றி அவரே நூல் எழுதியிருக்கிறார். மோப்பம் பிடித்த நாய்கள் காட்டுக்குள் துரத்தும். களைத்த மரை ஓடையில் இறங்கித் திரும்பி நிற்கும். நாய்கள் சூழ்ந்துகொண்டு பாயும். துரை தண்ணீரில் இறங்கிக் கத்தியால் குத்தி முடிப்பார். துவக்கு இல்லாமல் கத்தியால் கொல்வதில்தான் வீரம் என்பது அவர்கள் கணக்கு.

இவ்வளவும் நான் பிற்பாடு படித்தறிந்தவை. முதலில் எனக்குச் சொன்னவர் என் தாத்தா.

எங்கள் வீடு ஜிந்துப்பிட்டியில், முருகன் கோயில் மணி கேட்கும் தூரத்தில், ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றிப் பதினைந்து குடித்தனங்கள் இருந்த 'தோட்டம்' ஒன்றில் இருந்தது. கொழும்பிலே அத்தகைய குடியிருப்புக்கும் தோட்டம் என்றுதான் பெயர். மலையிலிருந்த தோட்டத்தைவிட்டு இந்தத் தோட்டத்துக்கு நாங்கள் வந்து சேர்ந்ததற்குக் காரணம் ஒரு முள்ளம்பன்றி.

1930களில் நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தாத்தாவுக்கு நாய் பார்க்கும் வேலை. துரையின் வேட்டை நாய்களைக் குளிப்பாட்டி, உண்ணி பிடுங்கி, இறைச்சியும் சோறும் ஆக்கிப் போடவேண்டும். வேட்டையன்று அவற்றின் பின்னால் காட்டுக்குள் ஓடவேண்டும். லயத்தில் இறைச்சி என்பது தீபாவளிக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் மட்டுமே. பாட்டி கர்ப்பமாக இருந்த நாளொன்றில் தாத்தா கண்ணி வைத்து முள்ளம்பன்றி ஒன்றைப் பிடித்தார். கறியின் வாசம் கங்காணிக்கு எட்டியது. கங்காணி வழியாகத் துரைக்கும் எட்டியது. மறுவாரம் பத்துச்சீட்டு. கைப்பிள்ளையோடு கொழும்புக்கு வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்.

"மரையைப் புடிச்சா தொரை போட்டோ எடுத்துக்குவான். நாங்க முள்ளம்பன்னியைப் புடிச்சதுக்கு வேலையே போச்சு" என்று திண்ணையில் இருந்து சொல்வார். கோபம் இருந்ததாக நினைவில்லை. அந்த நாய்களின் பெயர்களை மட்டும் சாகும்வரை மறக்கவில்லை. இலண்டன் ஊர்வலங்களில், வேட்டை நின்றால் வேலை போய்விடும் என்று அஞ்சிய நாய்க்கொட்டில் பணியாளர்களும் நடந்ததைப் படித்தபோது அவரைத்தான் நினைத்துக்கொண்டேன். அவர் அங்கே இருந்திருந்தால் அந்த வரிசையில்தான் நின்றிருப்பார். தடையை ஆதரிக்கும் எனக்கு இது இன்றும் சங்கடமான எண்ணம்.

சட்டமும் அப்படித்தான் ஆட்களைப் பிரித்து வைத்திருந்தது. இலங்கையில் 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியவர்களே வேட்டைக்காரர்கள். பிற்காலத்தில் அது உண்மையான காட்டுயிர்ப் பாதுகாப்பு இயக்கமாக வளர்ந்ததை மறுப்பதற்கில்லை. ஆயினும் யாலயில் ஒரு பகுதி வேட்டைப் பிரியர்களுக்கென்றே நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்தது. அனுமதிச்சீட்டு வைத்திருந்தவர் கனவான்; காட்டோரத்துக் கிராமத்தான் கள்ள வேட்டைக்காரன். பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் என்பர். அவரைத் தண்டித்த சட்டம் எதுவுமில்லை. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவருடைய கல்லறையிலும் இடி விழுந்த கதையை நுவரெலியாவில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பிரித்தானியத் தடை 2005 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்கூட்டியே இட்ட வாசனைத் தடத்தை நாய்கள் பின்தொடர்கின்றன என்று சொல்லிக்கொண்டு வேட்டைக் கழகங்கள் தொடர்ந்து குதிரையேறின. வழியில் நரி குறுக்கிட்டால் அது தற்செயலாம்! சட்டம் நிறைவேறியபோது பிரதமராயிருந்த ரொனி பிளேயரே 2010இல் வெளியான தம் நினைவுநூலில் அதற்காக வருந்தியிருக்கிறார். அந்தத் தட வேட்டையையும் நிறுத்துவதாகத் தொழிற்கட்சி 2024 தேர்தலில் வாக்குறுதி அளித்தது. இருபது ஆண்டுகள் கழித்தும் ஓட்டையை அடைப்பதாக வாக்குறுதி தரவேண்டியிருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு ஹோட்டன் சமவெளிக்குப் போயிருந்தேன். ஆளுநர் வில்மட் ஹோட்டனின் பெயர் சமவெளிக்கு; பேக்கரின் பெயர் நீர்வீழ்ச்சிக்கு; தோமஸ் ஃபார் என்ற துரையின் பெயர் பழைய வேட்டை விடுதிக்கு. 1988 முதல் அது தேசியப் பூங்கா. விடுதியருகே பெரிய கொம்புகளோடு மரை ஒன்று வாகனங்களுக்கிடையே நின்றது. மனிதரைக் கண்டு அஞ்சவில்லை. என் மகன் அதைப் படம் பிடித்துவிட்டு, "தாத்தாவோட தாத்தா ஓடினது இந்தக் காட்டிலயா?" என்று கேட்டான்.

"என்னோட தாத்தா" என்று திருத்தினேன். எந்தக் காடு என்று எனக்கும் தெரியவில்லை. தோட்டத்தின் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை.