எட்டுச் சொட்டு

யாழ்ப்பாணத்தில் நாங்கள் தண்ணீரை நாக்கால் பரிசோதித்தோம். ஒரு வாய் குடித்தவுடனேயே இது நல்ல தண்ணிக் கிணறா, சவர்க் கிணறா என்று சொல்லிவிடலாம். கண்ணுக்குத் தெளிவாகவும் நாக்குக்கு இனிப்பாகவும் இருந்தால் அது நல்ல தண்ணீர். அந்த நம்பிக்கையோடுதான் எழுபது வயதை எட்டினேன்.

கனடாவில், மார்க்கம் நகரில் உள்ள மகள் வீட்டின் பின்வளவில் ஒரு சுடுநீர்த் தொட்டி இருக்கிறது. இங்கே எல்லோரும் 'ஹொட் ரப்' என்பார்கள். சுற்றிவரப் பனி குவிந்து கிடக்கும்போது அந்தச் சூட்டில் பத்து நிமிடம் இருந்தால் என் முழங்கால் வலி தணியும். அந்த நன்றியில், தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் வேலையை நானே கேட்டு வாங்கினேன்.

பரிசோதிப்பதற்கு ஒரு குப்பி நிறையக் கடதாசிப் பட்டிகள் இருந்தன. பட்டியைத் தோய்த்து எடுத்து, சில விநாடிகளில் அதில் தோன்றும் நிறங்களைக் குப்பியில் உள்ள நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். மாலையில், மஞ்சள் விளக்கின் கீழ், ஈரக்கையால் ஒரு பட்டியை உருவி எடுப்பேன். இது இளம் ஊதாவா, கடும் ஊதாவா? தண்ணீர் பளிங்காய் இருக்கிறது. குளோரீன் மணமும் வருகிறது. சரியாகத்தான் இருக்கும் என்று மூடியைப் போட்டுவிடுவேன்.

ஒரு நத்தார் விடுமுறையில் பேரப்பிள்ளைகள் எல்லோரும் வந்து மாறி மாறித் தொட்டியில் இறங்கினார்கள். இரண்டாம் நாள், ஏழு வயதுப் பேத்தியின் உடம்பில் நீச்சலுடை மூடியிருந்த இடமெங்கும் சிவப்புப் பருக்கள். வைத்தியர் பார்த்தவுடன் கேட்ட முதற் கேள்வியே "ஹொட் ரப்பில் இறங்கினாளா?" என்பதுதான். சூடோமோனாஸ் என்ற பக்டீரியா மயிர்க்கால்களில் தொற்றியிருக்கிறது, தானாகவே மாறிவிடும் என்றார். மாறிவிட்டது. ஆனால் "சரியாகத்தான் இருக்கும்" என்ற என் சொல் மனதை விட்டுப் போகவில்லை.

அதன் பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். எங்கள் தொட்டி கொள்வது 1500 லீற்றர். அதில் நாலு பேர் இறங்குவது, 60,000 லீற்றர் நீச்சல் தடாகத்தில் 160 பேர் இறங்குவதற்குச் சமம். வியர்வையும் அழுக்கும் சூடும் சேர்ந்து குளோரீனை விரைவாகத் தின்றுவிடும். குளோரீன் தீர்ந்தால் அந்த இளஞ்சூடு கிருமிகளுக்கு நல்ல விளைநிலம். 1999இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் ஊரில் நடந்த மலர்க் கண்காட்சியில், காட்சிக்கு வைத்திருந்த ஒரு சுடுநீர்த் தொட்டியிலிருந்து எழுந்த நீர்த்துகள்கள் லெஜியோனெல்லா கிருமியைப் பரப்பின. குறைந்தது 32 பேர் இறந்தார்கள். தொட்டியில் இறங்காமல், அந்தப் பக்கமாக நடந்து போனவர்களும் நோயுற்றார்கள்.

நான் நம்பியிருந்த மணமும் பொய்ச்சாட்சிதான். மூக்கைத் துளைக்கும் அந்த வாடை, அழுக்கோடு கலந்து வலுவிழந்த குளோரீனிலிருந்து வருவது. பட்டிகளும் என் ஈரக்கையால் கெட்டிருக்கலாம்; குப்பிக்குள் ஈரம் போனால் அவை சரியான அளவைக் காட்டா.

கடைக்குத் தண்ணீர் கொண்டுபோய்ச் சோதிக்கலாம். ஆனால் வழியிலேயே குளோரீன் குறைந்துவிடும், தினமும் போகவும் முடியாது. நிறத்தைத் தானே அளந்து எண்ணாகக் காட்டும் மின்கருவிகள் நல்லவை; ஆனால் கண்ணாடிக் குழாயில் ஒரு விரல் அடையாளம் இருந்தாலும் கணக்குப் பிழைக்கும். எல்லாவற்றையும் பார்த்துக் கடைசியில் நான் தேர்ந்தது சொட்டு முறை. எஃப்.ஏ.எஸ்–டி.பி.டி. என்பது அதன் பெயர்.

10 மில்லிலீற்றர் தண்ணீரில் டி.பி.டி. தூளைப் போட்டால், குளோரீன் இருக்குமானால் அது ரோஜா நிறமாகும். பிறகு எஃப்.ஏ.எஸ். குப்பியை நிலைக்குத்தாகப் பிடித்து, ஒவ்வொரு சொட்டாக விட்டுக் கலக்க வேண்டும். குப்பி சரிந்தால் சொட்டின் அளவு மாறிவிடும். ரோஜா நிறம் முற்றாகப் போகும் வரை எண்ண வேண்டும். ஒரு சொட்டு என்றால் லீற்றருக்கு அரை மில்லிகிராம் குளோரீன். எட்டுச் சொட்டு என்றால் நாலு. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் சுடுநீர்த் தொட்டிக்குச் சொல்வது ஆகக் குறைந்தது மூன்று. ஆறு சொட்டுக்கு முன்பே நிறம் போனால் அன்று ஒருவரும் இறங்கக்கூடாது.

இந்த முறையின் பலம் இதுதான்: நிறத்தின் சாயலை மட்டிட வேண்டியதில்லை. நிறம் இருக்கிறதா, போய்விட்டதா என்று பார்த்தால் போதும். மங்கிய என் கண்ணுக்கும் அது தெரியும். அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவுக்கு மட்டும் இன்னும் நிறம் பார்க்கத்தான் வேண்டும், அது 7.0க்கும் 7.8க்கும் இடையில் நிற்க வேண்டும். அதைப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைக் கடதாசியைப் பின்னால் பிடித்துப் பார்க்கிறேன். தண்ணீரை மேலாக அள்ளாமல், முழங்கை ஆழத்தில், நீர் பீறிவரும் துளைகளுக்கு விலகி எடுக்கிறேன். மருந்துக் குப்பிகளை வெயிலும் உறைகுளிரும் படாமல் வீட்டுக்குள் வைத்து, காலாவதித் திகதி பார்த்து மாற்றுகிறேன்.

இதற்கெல்லாம் ஐந்து நிமிடம் போதும். உங்கள் வீட்டிலும் இப்படியொரு தொட்டி இருந்தால், பிள்ளைகள் இறங்குவதற்கு முன் அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுங்கள். தண்ணீரின் தெளிவையும் மணத்தையும் நம்பாதீர்கள். சொட்டுகளை எண்ணுங்கள்.