வரும்போது இறக்கமா?

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகிற டிக்கெட்டில் நேரத்தைக் கழித்துப் பார்த்தால் ஆறரை மணி நேரம் வரும். திரும்பி வருகிற டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரம்தான். வேப்பந்தட்டையில் ஒருமுறை இதை நான் வாசித்துக் காட்டியபோது, "வர்றப்ப இறக்கமா இருக்கும்போல" என்றார் அப்பாயி. பெரம்பலூர் சாலையில் சைக்கிள் மிதித்த பிள்ளைகளை வளர்த்தவர், வேறெப்படி யோசிப்பார்?

இரண்டு பக்கமும் ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. 1982 பிறந்தபோது அவர்கள் அரை மணி நேரம் தள்ளி வைத்துக்கொண்டார்கள். அதற்கு முன் வித்தியாசம் இரண்டு மணிதான். துபாய்க்குக் கணக்கு தலைகீழ். அந்த ஊர் ஒன்றரை மணி நேரம் பிந்தியது என்பதால், போகும்போது டிக்கெட்டில் லாபம், வரும்போது நஷ்டம்.

வானில் நேராக அளந்தால் திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் சுமார் 2,980 கிலோமீட்டர், துபாய்க்குச் சுமார் 2,940. கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று; நடுவில் திருச்சி, தராசு முள் மாதிரி. வித்தியாசம் நாற்பது கிலோமீட்டர். பெரம்பலூருக்கும் திருச்சிக்கும் உள்ள தூரம்கூட இல்லை. ஆனால் எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். அவர்களுக்குச் சிங்கப்பூர் பக்கம், துபாய் தூரம். காரணம் கப்பல் என்றுதான் நினைக்கிறேன். நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறினால் பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய்ச்சேர ஒரு வாரம் ஆகும். 1926-ல் கட்டிய அந்தக் கப்பல் எழுபதுகளின் தொடக்கம் வரை ஓடியது. பிறகு வந்த சிதம்பரம் கப்பல் 1985-ல் தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்தே நின்றுபோனது. ஒரு வாரப் பயணமாக இருந்தும், தாத்தா போய்வந்த ஊர் என்பதால் அது கிட்டத்தில் இருக்கிறது. அரபு நாடுகள் எண்ணெய்க்குப் பிறகு வந்த உறவு, இன்னும் பழகவில்லை.

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ரயில் பார்க்க அரியலூர் போகவேண்டும். ரயிலில் காலே வைக்காமல் நேராக விமானம் ஏறியவர்கள் வேப்பந்தட்டை வட்டாரத்தில் உண்டு. பருத்திக் காட்டிலிருந்து பெரம்பலூர், பாடாலூர், சிறுகனூர், சமயபுரம், பால்பண்ணை, டி.வி.எஸ். டோல்கேட் என்று வேனில் போனால் விமான நிலையம்.

வேன் என்றால் போகிறவன் ஒருவன், அனுப்ப வருகிறவர்கள் ஏழெட்டுப் பேர். 2024-ல் திறந்த புது முனையம் கண்ணைப் பறிக்கிறது. ஆனாலும் டிக்கெட் இல்லாதவர்களுக்கு வாசலோடு சரி. வெளிநாட்டு விமானம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாகவே அவன் உள்ளே போயாக வேண்டும். திருநீறு பூசி, ஊறுகாய்ப் பாட்டிலைப் பையில் சரிபார்த்து, அழுது, கையசைத்து எல்லாரும் திரும்புகிறார்கள். பாடாலூரில் நிறுத்தி டீ குடித்தாலும் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் வீடு வந்துவிடும். வந்ததும் சித்தப்பா போன் போடுகிறார்.

"என்னடா, சிங்கப்பூர் போயிட்டியா?"

"இல்ல சித்தப்பா, இன்னும் பிளேனுக்கே கூப்பிடல. நீங்க எங்க இருக்கீங்க?"

"நாங்க வீட்டுக்கு வந்து சாப்பிட்டாச்சு."