ஒரே நம்பர், ரெண்டு காடி

நம்ம கோவில் கார் பார்க்கிங்ல தொண்டு செய்யிற நாங்க எழுதுறோம். கொஞ்சம் நீளமான பதிவுதான். காடி, மோட்டார் வச்சிருக்கிறவங்க தயவுசெய்து கடைசி வரைக்கும் படிங்க.

எங்க குழுவுல ஒரு அண்ணன் இருக்கார். வயசு 60 தாண்டிடுச்சு. பழைய புரோட்டோன் சாகா வச்சிருக்கார். ரோட்டெக்ஸ் புதுப்பிக்கப் போனப்பதான் அவர் பேர்ல ஒரு சம்மன் நிக்கிறது தெரிஞ்சது. வேகமா ஓட்டினதுக்கு. இடம் ஈப்போ பக்கம் நெடுஞ்சாலை, ஜொகூர் பாருவிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல. தேதி தைப்பூசத்துக்கு முதல் நாள், நேரம் ராத்திரி 11 மணிக்கு மேல.

அந்த நேரம் அவர் எங்ககூட உட்கார்ந்து அன்னதானத்துக்குப் பூசணிக்காய் நறுக்கிக்கிட்டு இருந்தார். காடி கோவில் வாசல்ல நின்னுச்சு.

வீட்டுல அவர் மனைவி, "யாருக்காவது காடியை இரவல் குடுத்தீங்களா?"ன்னு கேட்டிருக்காங்க. மகன், "கட்டிட்டு விடுங்கப்பா, எதுக்கு அலையணும்"னு சொல்லிட்டான். கவுண்டர்லயும் அதேதான், முதல்ல கட்டுங்க, பிறகு பேசுங்கன்னாங்க. அண்ணன் எங்ககிட்ட வந்து சொன்னது ஒன்னுதான்: "காசு போனா போகட்டும் தம்பி. கட்டினா நான்தான் போனேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல? நாளைக்கு அந்தக் காடியில எவனாவது ஒருத்தரை அடிச்சுப் போட்டுட்டு ஓடினா, போலீஸ் யார் வீட்டுக் கதவைத் தட்டும்?"

அதைக் கேட்டு நாங்க யாரும் வாயைத் திறக்கல.

அப்பதான் எங்க 555 நோட்டு ஞாபகம் வந்துச்சு. திருவிழா நாள்ல உள்ளே வர்ற ஒவ்வொரு காடி நம்பரையும், வந்த நேரம், போன நேரம் எல்லாம் அதுல எழுதி வைப்போம். உண்மையைச் சொல்லணும்னா, இளைஞர்கள் பல தடவை "இதெல்லாம் எதுக்கு அங்கிள், வேஸ்ட்"னு சொல்லி, நாங்களும் நிறுத்திடலாம்னுதான் இருந்தோம். நோட்டைப் புரட்டினா அண்ணன் நம்பர் இருக்கு. சாயந்தரம் 6.40க்கு உள்ளே, மறுநாள் காலை 5.15க்கு வெளியே. கோவில் சிசிடிவியிலயும் காடி தெரிஞ்சது. சம்மன் படத்தை வாங்கிப் பார்த்தோம். அதே நம்பர், அதே ரகம், அதே வெள்ளை நிறம். ஆனா அண்ணன் காடி பின் கண்ணாடியில வேல் ஸ்டிக்கர் இருக்கு, படத்துல இருந்த காடியில இல்ல.

எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு பாலாய்ல ரிப்போர்ட் செஞ்சோம். சில மாசம் அலைஞ்ச பிறகு சம்மன் ரத்தாச்சு. அந்த இன்னொரு காடி மட்டும் இன்னும் எங்கேயோ ஓடிக்கிட்டுதான் இருக்கு.

இதைத்தான் குளோன் காடின்னு சொல்றாங்க. திருடின காடிக்கோ, கடத்தி வந்த காடிக்கோ வேற ஒரு நல்ல காடியோட நம்பரை மாட்டிடுறது. 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்துல போலி நம்பர் பிளேட்டுக்கு 5,000 வெள்ளியிலிருந்து 20,000 வெள்ளி வரைக்கும் அபராதம், ஒன்னுலேருந்து அஞ்சு வருஷம் வரைக்கும் சிறை இருக்கு. சட்டம் கடுமைதான். ஓட்டை வேற இடத்துல இருக்கு.

அந்த ஓட்டையில நாங்களும் நுழைஞ்சவங்கதான். போன வருஷம் கோவில் வேன் பிளேட் உடைஞ்சப்ப கடைக்குப் போன் போட்டு நம்பரைச் சொன்னோம். அரை மணி நேரத்துல புது பிளேட் ரெடி. கிரான் கேட்கல, ஐசி கேட்கல. அப்ப அது வசதியா இருந்துச்சு. நாங்க கேட்ட மாதிரி திருடனும் கேட்டிருப்பான், அவனுக்கும் அரை மணி நேரத்துல குடுத்திருப்பாங்க.

வெளிநாட்டுலயும் இந்தத் தொல்லை உண்டு. அமெரிக்காவுல டெக்சஸ் மாநிலத்துல புதுக் காடி வாங்கினா காகிதத்துல அச்சடிச்ச தற்காலிக நம்பர்தான் குடுப்பாங்க. டீலர்னு பொய்யாப் பதிஞ்சவங்க உள்ளே புகுந்து, அந்தக் காகிதத்தை லட்சக்கணக்குல வித்துட்டாங்க. போலீசுக்கு எந்தக் காடி யாருதுன்னே தெரியல. கடைசியில 2023ல சட்டம் போட்டு, 2025 ஜூலை 1லிருந்து காகித நம்பரையே எடுத்துட்டாங்க. இப்ப டீலரே உலோக பிளேட் மாட்டித்தான் காடியை வெளியே விடணும். இந்தியாவுல 2019 ஏப்ரல் 1லிருந்து புது வண்டிக்கெல்லாம் ஹோலோகிராம் வச்ச, கழட்டினா மறுபடி மாட்ட முடியாத பூட்டு போட்ட பிளேட்தான்.

நம்ம நாட்டுலயும் தொடங்கியாச்சு. 2024 செப்டம்பர்லிருந்து மின்சாரக் காடிகளுக்கு ஜேபிஜேவே சிப் வச்ச பிளேட் குடுக்குது. சிங்கப்பூர் காடிகளுக்கு விஇபி டேக் கட்டாயம், 2025 ஜூலை 1லிருந்து இல்லாட்டி 300 வெள்ளி அபராதம். பக்கத்து நாட்டுக் காடிக்கே சிப் இருக்கு. நம்ம பழைய சாகாவுக்கும் வரணும், ஆனா ஏழைங்க தாங்குற விலையில வரணும்.

எங்கள்ல பாதிப் பேர் பாசீர் கூடாங் பேக்டரி ஆளுங்க. அங்க கான்ட்ராக்டர் வந்தா தற்காலிக பாஸ் குடுப்போம். யாருக்கு, எத்தனை மணிக்கு, எந்த நம்பர்னு எழுதுவோம். சாயந்தரம் ஒரு பாஸ் திரும்பி வரலன்னா சூப்பர்வைசர் வீட்டுக்குப் போக முடியாது. காடி விக்கிற கடைங்க பயன்படுத்துற டிரேட் பிளேட்டுக்கும் இதே ஒழுங்கு வேணும், எந்தக் காடியில மாட்டி எங்க போச்சு, எப்ப திரும்பி வந்துச்சுன்னு. பிளேட் அடிக்கிற கடையும் கிரான் பார்த்து, ஐசி பார்த்து, ஒரு புத்தகத்துல எழுதணும். இதுக்குப் பெரிய செலவு ஒன்னும் இல்ல.

அதுவரைக்கும் நாம செய்ய வேண்டியது:

பழைய காடி வாங்கினா புஸ்பாகோம் பரிசோதனை செஞ்சு முறையா பேர் மாத்துங்க. அங்கதான் சாசி நம்பர், என்ஜின் நம்பர் ரெண்டையும் பார்ப்பாங்க. "சம்போங் பாயார்"னு மலிவா வர்ற காடியைத் தொடாதீங்க.

மாசம் ஒரு தடவை சம்மன் இருக்கான்னு பாருங்க. நீங்க போகாத ஊர்ல சம்மன் வந்தா, கட்டுறதுக்கு முன்ன படத்தைக் கேளுங்க, ரிப்போர்ட் செய்யுங்க.

காடியில உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச அடையாளம் ஒன்னு வச்சு, போட்டோ எடுத்து வச்சுக்குங்க.

அடுத்த திருவிழாவுக்கு வரும்போது எங்க பிள்ளைங்க காடி நம்பரை எழுதினா கோவிச்சுக்காதீங்க. புது 555 நோட்டு 10 வாங்கி வச்சிட்டோம். இப்ப யாரும் வேஸ்ட்னு சொல்றதில்ல. அண்ணனே முதல் ஆளா வாசல்ல நிக்கிறார், பேனாவோட.

எல்லாரும் பத்திரமா வந்து போங்க. முருகன் துணை.