லோக்கல் கார்டியன்

பெரிய சாரின் நினைவுக் கூட்டத்தில், "அவர் கடிதத்துக்குப் பதில் போடாத மாணவன் எங்களில் ஒருவனும் கிடையாது" என்று மைக்கில் சொன்னேன். கை தட்டினார்கள். நான் சொன்னது பொய். பதில் போடாதவன் நான்தான். அதனால் ஒரு பையனின் படிப்பு நின்றுபோனது.

நீலகிரியில் பந்தலூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கும் எங்களைச் 'சிலோன்காரங்க' என்பார்கள். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் முடிவானது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக மலைக்கு வந்தது. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் தமிழ்நாடு வனத்துறை தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தான் பின்னால் டான்டீ என்ற அரசு நிறுவனம் ஆயின. அம்மா அங்கேயும் கொழுந்துதான் பறித்தாள். நாங்கள் அங்கேயும் லயம் என்கிற வரிசை வீட்டில்தான் இருந்தோம்.

அந்த லயத்துக்கு வந்து பிள்ளைகளைக் கூப்பிட்டுப் போனவர் எங்கள் தலைமை ஆசிரியரான பெரிய சார். அம்மா வேலைக்குப் போனால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் வீட்டில் நின்றுவிடுவாள். "குழந்தையையும் தூக்கிட்டு வாம்மா" என்பார் சார். ஒன்பதாம் வகுப்புத் தாழ்வாரத்தில் தொட்டில் தொங்கியதை நான் பார்த்திருக்கிறேன். யானை நடமாட்டம் இருக்கும் நாட்களில் டார்ச்சோடு கடைசிப் பிள்ளை வீடு சேரும்வரை கூடவே நடப்பார். ஆடி மழையில் அவர் வேட்டி முழங்கால் வரை சேறாகியிருக்கும். சாதிச் சான்றிதழ் கேட்டுப் போன எங்கள் அப்பாக்களை, சிலோனில் பிறந்ததைச் சொல்லி அதிகாரிகள் திருப்பி அனுப்பியபோது, மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போனவர் அவர். என் சான்றிதழும் அப்படி வந்ததுதான். அது இல்லாமல் எனக்குக் கல்லூரி இல்லை, சென்னையில் அரசு வேலையும் இல்லை.

1990களின் நடுவில் அலுவலக விலாசத்துக்குச் சாரின் கடிதம் வந்தது. நம் லயத்துப் பையன் ஒருவனுக்குச் சென்னையில் பாலிடெக்னிக் சீட்டு கிடைத்திருக்கிறது, ஹாஸ்டலில் சேர லோக்கல் கார்டியன் கையெழுத்து வேண்டும், நீ போட்டுக் கொடு என்று எழுதியிருந்தார். பணம் கேட்கவில்லை. கையெழுத்து மட்டும்.

நான் போடவில்லை. அலுவலகத்தில் சொந்த ஊர் கேட்டால் துறையூர்ப் பக்கம் என்பேன். தாத்தா அங்கிருந்து கண்டிக்குப் போனவர் என்பதால் அதைப் பொய் என்று நானே ஒத்துக்கொள்ளவில்லை. பெண் கொடுத்த வீட்டிலும் அதையே சொல்லியிருந்தேன். லயம், கொழுந்து, கப்பல் எதையும் சொல்லவில்லை. இந்தப் பையன் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவான், லயத்துப் பேச்சில் மாமியாரிடம் பேசுவான், எல்லாம் வெளியே வந்துவிடும் என்று பயந்தேன். கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

அதைவிடக் கேவலமானதைப் பிறகு செய்தேன். ஒரு கல்யாணத்துக்குக் கூடலூர் போனபோது சாரைப் பார்த்தேன். "நான் போட்ட லெட்டர் கெடச்சுதாப்பா?" என்றார். "இல்லையே சார்" என்றேன். "தபால்லயே எங்கயோ போயிருக்கும். நான் ரிஜிஸ்தர்ல போட்டிருக்கணும்" என்று வருத்தப்பட்டார். என் குற்றத்தைத் தன் கவனக்குறைவாக எடுத்துக்கொண்டார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

இதே நீலகிரியில் இருக்கும் லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858இல் தொடங்கியது. அதன் வரலாற்றைத் தேடினால் புத்தகங்களில் கிடைக்கும். எங்கள் பெரிய சாருக்கு அப்படி எதுவும் கிடையாது. படித்த பிள்ளைகள் சொல்வதுதான் அவருடைய வரலாறு. அதில் போய்ப் பொய்யைக் கலந்திருக்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. "சீட்டு கெடச்சும் ஆஸ்டல்ல சேர முடியலண்ணே. சார்தான் பாவம், ரொம்ப அலஞ்சாரு. ஒங்களப் பத்தி அவ்வளவு பெருமையாச் சொல்லுவாரு" என்றார். இருபத்தைந்து வருடத்துக்கு மேலான உழைப்பில் அவர் கை காய்த்திருந்தது.

அன்றிரவு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் அந்தத் திருப்பூர்க்காரருக்குப் போன் செய்து சொன்னேன். வெகுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, "சாருக்கு இது தெரியுமாண்ணே?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "சரி, வைக்கிறேன்" என்றார். நான் மன்னிப்புக் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. சொல்லவேண்டிய கடமை அவருக்கு இல்லை.

சாரிடம் படித்து வெளியூர் வந்தவர்கள் பல பேர் இருக்கிறோம். அவர் எனக்கு மட்டும் எழுதியிருக்க மாட்டார். உங்களுக்கும் அப்படியொரு கடிதம் வந்து, பதில் போடாமல் விட்டிருந்தால், அவர் யாருக்காக எழுதினாரோ அவரைத் தேடிப் போய்ப் பாருங்கள்.