70 வளைவுகளுக்கு மேலே ஒரு பாட்டி

அலுவலகத்தில் கேட்டது சுலபமான கட்டுரை. 'வார இறுதியில் கொல்லிமலை.' ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், வல்வில் ஓரி சிலை, அன்னாசி, பலா, மிளகு. போட்டோ எடுத்து, பஸ் நேரம் போட்டு முடித்துவிடலாம்.

அம்மா கேட்டதுதான் வேறு. "மலைக்குத்தானே போறே பாப்பா? அப்படியே பிராண்ட் பாட்டி கல்லறைக்கும் போ. அங்க நின்னு அண்ணனுக்காக ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிட்டு வா."

கல்லறையில் போய் வேண்டிக்கொள்வது எங்கள் சபை வழக்கமில்லை. அது அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் கேட்டார். அண்ணன் குடிக்க ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. நான்கு வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா உபவாசம். நான் இரண்டாவது வருடத்திலேயே நிறுத்திவிட்டேன். ஒரே விஷயத்தை எத்தனை தடவை கேட்பது என்று தோன்றிவிட்டது. "தரேன்னா முதல் தடவையே தந்திருக்கணும், இல்லேன்னா இல்லைன்னு சொல்லிடணும்" என்று ஒருநாள் அம்மாவிடம் கத்தியும் இருக்கிறேன்.

நாமக்கல்லிலிருந்து கிளம்பிய பஸ் முதலில் சேந்தமங்கலம் வழியாகப் போகிறது. டீ குடிக்கக்கூட நிற்காமல் கடந்துவிடுகிற ஊர். ஆனால், நான் தேடிப் போன கதை அங்கேதான் தொடங்குகிறது. 1913 ஆகஸ்டில் ஜெஸ்ஸி பிராண்டுக்கும் எவலினுக்கும் அங்கே கல்யாணம் நடந்தது. அவர் மிஷனரியாக 1907-ல் இந்தியாவுக்கு வந்தவர். எவலின் லண்டனில் வசதியான வீட்டுப் பெண்; கல்யாணத்தின்போது வயது 34. மாப்பிள்ளையைவிட ஆறு வயது மூத்தவர். (1913-ல்! இப்போதே நம் வீடுகளில் இதற்குப் பஞ்சாயத்து வைப்பார்கள்.) கல்யாணத்தன்றே கொட்டும் மழையில் இருவரும் மலையேறினார்கள். அப்போது ஏது பஸ், ஏது ரோடு?

காரவல்லியில் அடிவாரம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதியிருக்கிறார்கள். இருபதுக்கு மேல் நான் எண்ணுவதை விட்டுவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயா, "கீழ பாக்காத கண்ணு, நேரா பாரு" என்று புளிப்பு மிட்டாய் ஒன்று தந்தார். அடுத்த பத்து வளைவுகளை அந்த மிட்டாயை வைத்துத்தான் கடந்தேன்.

செம்மேட்டில் இறங்கி, விசாரித்து விசாரித்து வாழவந்திப் பக்கம் போனேன். பிராண்ட் தம்பதி தங்கிய இடம் இதுதான். கரையான் ஏறாமலிருக்க, ஜெஸ்ஸி தன் மரவீட்டைக் கல் தூண்கள்மேல் நிறுத்தி, ஒவ்வொரு தூணின் தலையிலும் தகரச் சட்டியைக் கவிழ்த்துவைத்தாராம். 1914 ஜூலையில் மகன் பால் இங்கேதான் பிறந்தார். பின்னாளில் வேலூர் சி.எம்.சி-யில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட் அவர்தான்.

மலை மக்கள் மருந்துக்கு வந்தார்கள். பல் பிடுங்கிக்கொள்ள வந்தார்கள். ஜெபத்துக்கு ஒருவரும் வரவில்லை. பூசாரி ஒருவர் எதிர்த்து நின்றார். அவரை மீறி யாரும் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. இப்படியே ஏறக்குறைய ஆறு வருடம்! தினமும் காலையில் எழுந்து, பெயர் சொல்லிச் சொல்லி இந்த ஊர்களுக்காக ஜெபித்த இரண்டு பேருக்கு ஒரு பதிலும் இல்லை.

அந்த நாள்களில் ஜெஸ்ஸி என்ன செய்துகொண்டிருந்தார் என்பது எனக்கு ஜெபத்தைவிட சுவாரஸ்யமாக இருந்தது. மலையில் நரம்புச் சிலந்தி நோய் இருந்தது. புழு இருக்கும் தண்ணீரைக் குடித்தால், சுமார் ஒரு வருடம் கழித்து அது காலில் புண்ணாகி வெளியே தலைகாட்டும். நூல் மாதிரி நீளமான புழு. வெடுக்கென்று இழுத்தால் அறுந்து, உள்ளே சீழ் பிடித்துவிடும். ஒரு குச்சியில் நாளுக்குக் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றித்தான் எடுக்க வேண்டும். ஜெஸ்ஸி அப்படி உட்கார்ந்து சுற்றியிருக்கிறார். அதோடு, புண்ணுள்ள காலோடு கிணற்றுக்குள் இறங்கித் தண்ணீர் மொள்வதுதான் நோய் பரவக் காரணம் என்று சொல்லி, கிணறுகளைச் சுற்றிச் சுவர் எழுப்பக் கற்றுக்கொடுத்தார். 2000-ல்தான் இந்தியா அந்த நோய் இல்லாத நாடானது. இங்கே வேலை எவ்வளவு முன்பே தொடங்கியது என்று பாருங்கள்.

1918-19-ல் உலகத்தையே புரட்டிப்போட்ட இன்ஃப்ளூயன்ஸா இந்த மலைக்கும் வந்தது. நோய் வந்த வீட்டை விட்டு உறவுகளே ஓடின. ஜெஸ்ஸியும் எவலினும் கஞ்சி காய்ச்சி ஊர் ஊராக எடுத்துப்போய் ஊட்டினார்கள். அந்தப் பூசாரி வீட்டிலும் காய்ச்சல். அவர் வாசலுக்கும் இவர்கள்தான் போனார்கள். சாகும் தறுவாயில் அவர் தன் கைக்குழந்தையை இவர்கள் வளர்க்க வேண்டும் என்று ஒப்படைத்தார். ரூத் என்று பெயர் வைத்து வளர்த்தார்கள். அதற்குப் பிறகுதான் ஜனங்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள்.

இதோடு கதை முடிந்திருந்தால் எங்கள் சபைச் சாட்சி நேரத்துக்குப் பொருத்தமாக இருக்கும். முடியவில்லை.

1929 ஜூனில் ஜெஸ்ஸிக்கு பிளாக்வாட்டர் காய்ச்சல். மலேரியா முற்றினால் வருவது. எவலின் எத்தனை ஜெபித்திருப்பார்! அவர் பிழைக்கவில்லை. மகன் பால் அப்போது லண்டனில் படித்துக்கொண்டிருந்தார். 15 வயது நிறைய ஒரு மாதம் பாக்கி. சாவுச் செய்தி தந்தியில் போய்விட்டது. ஆனால், அப்பா எழுதிய கடிதங்கள் கப்பலில் மெதுவாகத்தான் போய்ச் சேர்ந்தன. இறந்துபோன அப்பாவிடமிருந்து, மலையையும் மரங்களையும் பற்றிய கடிதங்கள் அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தனவாம். அந்த இடத்தை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒரு மேட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன், சித்தேரி உள்ளிட்ட ஐந்து மலைத்தொடர்களுக்கும் போவோம் என்று கணவனும் மனைவியும் சேர்ந்து முடிவெடுத்திருந்தார்கள். இப்போது ஒரு ஆள் குறைவு. இங்கிலாந்து போய்விட்டுத் திரும்பி வந்த எவலினை மிஷன் சமவெளியில்தான் வேலைக்கு வைத்தது. அவர் மறுபடி மறுபடி மலையைக் கேட்டார். 1947-ல், 68 வயதில், இனி பணிக்காலம் நீட்டிக்க முடியாது என்றது மிஷன். 'ஒரே ஒரு வருஷம்' என்று கெஞ்சி வாங்கினார்.

அந்த ஒரு வருடத்தில் பாட்டி என்ன செய்தார் தெரியுமா? விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் குடிசை கட்டத் தேவையான சாமான்களை மலைக்கு ஏற்றிவிட்டார். பிரிவுபசாரத்தில் எல்லோரும் வாழ்த்தி வழியனுப்பும்போது, 'நான் ஊருக்குப் போகவில்லை, மலைக்குப் போகிறேன்' என்று சொல்லிவிட்டார். லூக்கா 18-ல் ஒரு விதவை வருவார். நியாயம் செய்யாத நியாயாதிபதியை விடாமல் தொந்தரவு செய்பவர். சிறுவயதில் அந்தப் பகுதியைக் கேட்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணை அழுகிற முகத்தோடுதான் கற்பனை செய்திருந்தேன். அன்று முதல்முறையாக, சாமான் மூட்டையோடு சிரித்துக்கொண்டு நிற்பதாகத் தோன்றியது.

அதன்பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல். மட்டக்குதிரையில் ஊர் ஊராக. 75 வயதில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, ராத்திரி முழுக்க வலியோடு கிடந்து, காலையில் கட்டிலில் வைத்துக் கீழே தூக்கிவந்தார்கள். போதும் என்று மகன் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு மறுபடி மேலே. கடைசிக் காலத்தில் குதிரையில் உட்கார முடியாமல் போனபோது ஊர்க்காரர்களே தூளி கட்டித் தூக்கிப்போனார்கள். 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்தார். ஜெஸ்ஸிக்குப் பக்கத்திலேயே அடக்கம். இடையில் 45 வருடங்கள்.

இரண்டு கல்லறைகளுக்கும் முன்னால் நின்றேன். ஜெஸ்ஸிக்காக எவலின் கேட்டது கிடைக்கவில்லை. மலை கிடைத்தது. எது ஏன் என்று அந்தப் பாட்டிக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தையைத் தேடினேன். அண்ணன் பெயர் மட்டும் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

கடைசி பஸ்ஸுக்கு முன் சோளக்காட்டில் கால் கிலோ மிளகு வாங்கினேன். இறங்கும்போது பாதி வளைவில் சிக்னல் வந்ததும் போன் அடித்தது.

"போனியா பாப்பா? ஜெபம் பண்ணியா?"

"நின்னேன்மா. பேரு மட்டும் சொன்னேன்."

"அது போதும்."

"அண்ணன் வந்துட்டானா?"

"இன்னும் இல்ல. அவனுக்கு சோறு மூடி வெச்சிருக்கேன். நீ ஜன்னல் ஓரம் உக்காராத, வாந்தி வரும்."